கிளிப்புக்கு அடியில் இருந்த நிறம்

பித்தளை ஊறிய புளித்தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. முகர்ந்தாலே நாக்கில் காசை வைத்ததுபோல் இருக்கும். ஏழாம் வகுப்பு முடிந்து எட்டாம் வகுப்புக்குக் காத்திருந்த மே மாதத்தில், ஹைதராபாத் பக்கம் அல்வாலில் எங்கள் வாடகை வீட்டுப் பின்புறம், ஒரு எவர்சில்வர் கிண்ணத்தின் முன் குந்தியபடி அந்த வாசனையை நாள் முழுக்க முகர்ந்துகொண்டிருந்தேன். கிண்ணத்துக்குள் ஊறியது அம்மாவின் தோல் கைப்பையின் கிளிப்.

அந்தப் பைக்கு என் அக்காவைவிட ஒரு வயது அதிகம். அம்மா கல்யாணத்துக்கு முன் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தாள். வேலையை விட்ட அன்று, உள்தையல் ஓரிடத்தில் கோணிப்போனதால் வெளிநாட்டுக்கு அனுப்பாமல் ஒதுக்கி வைத்திருந்த பை ஒன்றை அங்கே அவளுக்குக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு ராணுவ ஸ்டோரில் வேலை, ஊர் ஹைதராபாத், பிறகு நாங்கள் இரண்டு பேர் என்று ஆனபின் பை டிரங்குப் பெட்டிக்குள் போனது. வேலையை விட்டுப் பதினேழு வருடம் கழித்து, பக்கத்துத் தனியார் பள்ளி அலுவலகத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததும் அம்மா முதலில் செய்த காரியம் அதை வெளியே எடுத்ததுதான். பூஞ்சை பூத்து, முன்பக்கம் வெளிறி, கிளிப்பில் பச்சைக் களிம்பு ஏறி, ஜிப் நகராமல் கிடந்தது.

"வேலைக்குப் போறதுன்னா இத எடுத்துக்கினுதான் போவேன்" என்றாள்.

எனக்கு அந்த வயதில் ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதுகூட எழுந்து ஒருமுறை வாசலுக்குப் போய்விட்டு வருவேன். மின்விசிறியைக் கழற்றுவேன், சைக்கிள் செயினைக் கழற்றுவேன், திரும்ப மாட்ட வராமல் அடி வாங்குவேன். பையை என்னிடம் கொடுத்தால் பத்து நாளாவது வீட்டில் இருப்பேன் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். கிளிப்பின் பின்தகட்டில் மடங்கியிருந்த நான்கு சின்னக் கால்களையும் ஸ்பூன் காம்பால் மெல்ல நிமிர்த்திக் கழற்றினேன். புளியும் உப்பும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்ததும் களிம்பு கரைந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. வாரைப் பிடித்திருந்த வளையங்களைக் கழற்ற முடியவில்லை. புளித்தண்ணீர் பட்டால் தோல் கறுத்துவிடும் என்று அம்மா சொன்னதால், வளையத்துக்கு அடியில் காகிதத்தைச் செருகிவைத்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்தே பளபளப்பாக்கினேன். ஜிப் பற்களில் மெழுகுவர்த்தியை உரசியதும் அது வழிக்கு வந்தது. ஜிப் பிடியை மட்டும் அவசரத்தில் கெடுத்தேன். அது முழுப் பித்தளை அல்ல, மேல்பூச்சு. தேய்த்த தேய்ப்பில் பூச்சு போய் உள்ளேயிருந்த வெள்ளை உலோகம் தெரிந்தது.

"உன் கைக்கு ஒரு பூட்டு போடணும்டா" என்றாள் அம்மா. ஆனால் கிளிப்பை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கிளிப் இருந்த இடத்தில், வெயிலே படாமல் ஒரு சின்னச் சதுரம் பையின் பழைய நிறத்திலேயே இருந்தது. அது என்ன நிறம் என்பதில் வீட்டில் ஒற்றுமை இல்லை. அம்மா "மெரூன்" என்றாள், சுமதி அக்கா செங்கல் என்றாள், அப்பா தூரத்திலிருந்தே காபிப்பொடி என்றார். எனக்கு எல்லாமே சரியாகப் பட்டது. "பேர் சொல்லிக் கேக்காத. இந்தச் சதுரத்துகிட்ட வெச்சுப் பார்த்து வாங்கு" என்று சொல்லி அம்மா அனுப்பினாள்.

லால் பஜாரில் ஷூ பாலிஷும் தோல் சாயமும் விற்கும் கடைக்குச் சைக்கிளில் போனேன். ஒரே கூட்டம். கடைக்காரர் சின்னச் சின்னப் புட்டிகள் அடுக்கிய பெட்டியை என் முன் தள்ளி, "கௌன்சா ஹோனா, தேக் லே" என்று என்னையே பார்த்து எடுக்கச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். புட்டிகளில் பெயர் இல்லை, எண் மட்டும். ஒவ்வொன்றாகச் சதுரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அச்சாகப் பொருந்திய ஒன்றை எடுத்தேன்.

"யேச்? பக்கா?" என்று, இதுதானா என உறுதிசெய்துகொள்ளக் கேட்டார் அவர், பையையும் புட்டியையும் பார்த்து.

"ஹவ்" என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து, ஒருவரையும் கிட்டே விடாமல், இரண்டு பூச்சு பூசி, காயவைத்து, கிளிப்பை மாட்டிக் கால்களை மடக்கி, கூடத்து மேஜையில் நிறுத்தினேன். என் வாழ்வில் கழற்றியதைத் திரும்ப மாட்டியது அதுவே முதல் தடவை. கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அய்யோ, என்னாத்துக்குடா பச்சை அடிச்ச?"

வழக்கமான வம்பு என்று நினைத்து அவள் பின்னலைப் பிடித்து இழுத்தேன். சத்தம் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. தையல் டப்பாவைக் கொண்டுவந்து நூல்கண்டுகளைத் தரையில் கொட்டி, "ஒரே கலரா இருக்கறத ஒண்ணா வை" என்றாள். எதற்கென்று தெரியாமலே அடுக்கினேன். நான் சேர்த்து வைத்த ஒரு குவியலைப் பார்த்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோபி மாமாவுக்கு இப்படித்தான்" என்றாள் அம்மா. அவள் தம்பி கோபி மாமா ரயில்வேயில் டிரைவர் வேலைக்குத் தேர்வாகி, கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவர். அந்தக் கதை எனக்குத் தெரியும். அது என் கதையும் என்று தெரியாது.

இதில் பெரிய விஷயம் பை அல்ல. அல்வால் வானத்தில் தினமும் காலையில் பயிற்சி விமானங்கள் பறக்கும். அப்பா டீ டம்ளரோடு மொட்டைமாடிக்குப் போய், அவை இறங்கி மறையும்வரை நின்றுகொண்டிருப்பார். சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டதால் அவருக்கு எட்டாமல் போன அந்த இடத்துக்கு நான் போக வேண்டும் என்பது வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. ராணுவப் பள்ளி நுழைவுத்தேர்வு விண்ணப்பம் வரவேண்டியதுதான் பாக்கி.

அன்று சாயங்காலம் அப்பா வந்து பையைப் பார்த்து, "என்னாத்துக்குப் பச்சை?" என்று கேட்டார்.

"நான்தான் கேட்டேன். கொஞ்சம் மாத்தமா இருக்கட்டுமே" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

அப்பா நம்பினார். நேர்முகத் தேர்வு முடிந்ததும் தானே சொல்வதாக அம்மா எங்களிடம் சொன்னாள். பச்சைப் பையோடு போனாள், வேலையும் கிடைத்தது. ஆனால் சொல்லவில்லை. நாளை, நாளை என்று ஜூன் வந்துவிட்டது. எனக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினேன். அந்த ஊரில் கோடையில் குல்மொஹர் மரங்கள் சிவப்பாகப் பூத்து நிற்கும். ஆட்கள் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு எப்போதுமே புரிந்ததில்லை. இப்போது ஒவ்வொரு மரத்தின் கீழும் நின்று பார்த்தேன். கிட்டே போனால் இதழின் வடிவம் தெரிந்தது. பத்தடி பின்னால் வந்தால் பூவும் இலையும் ஒன்றாகக் கலந்து, சாதாரண மரமாகிவிட்டது. முன்னால் போவேன், பின்னால் வருவேன். தக்காளி வண்டியைப் பார்த்தால் பயமாக இருந்தது. யாராவது ஏதாவது நிறம் கேட்டுவிடுவார்களோ என்று நண்பர்களோடு விளையாடுவதையும் விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா விண்ணப்பத்தோடு மேஜையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படித்து, பெரிய எழுத்தில் நிரப்பிக்கொண்டே வந்தார். உயரம், எடை, காது. அம்மா வாசற்படியில் நின்றாள்.

"நிறக்குருடு உண்டா? இல்லை" என்று அவர் காகிதத்தில் பேனாவை வைத்தபோது நான் சொல்லிவிட்டேன்.

"அப்பா, இல்லைன்னு எழுதாதீங்க."

அவர் தலையை நிமிர்த்தினார். "ஏன்?"

"எனக்கு அந்தப் பை பச்சையாத் தெரியல. நீங்கல்லாம் சொல்றதால பச்சைன்னு தெரியும்."

அப்பா பேனா மூடியைத் திருகி மூடினார். அம்மாவிடம், "உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். வானத்தில் அப்போது ஒன்றும் பறக்கவில்லை.

மறுநாள் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, செகந்திராபாத் பக்கம் ஒரு பெரிய சிக்னலுக்குப் போய் ஓரமாக நிறுத்தினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"எது எரியுது?"

"மேல."

"மேலன்னா?"

"நிக்கணும்."

விளக்கு மாறியது. "இப்ப?" "கீழ. போலாம்." மறுபடி மாறக் காத்திருந்தார். மறுபடி கேட்டார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தும் நகரவில்லை. ஏழெட்டுத் தடவை ஆனபின் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "சரி, ரோட்டுல பொழச்சுக்குவ" என்று சொல்லி வண்டியை உதைத்தார்.

நான் பறக்கவில்லை. மின்சாதனங்கள் பழுதுபார்க்கும் படிப்பு படித்தேன். வயர் நிறங்களை அருகில் இருப்பவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வேலை செய்தேன். இப்போதும் தெரிந்தவர்கள் பழைய கைப்பைகளைக் கொண்டுவந்தால் கிளிப், ஜிப், வளையம் எல்லாம் சரிசெய்து கொடுப்பேன். சாயத்தை மட்டும் என் மகள் பார்த்துச் சொல்வாள். லால் பஜார் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் தெரு குல்மொஹர்கள் போய்விட்டன. அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. அம்மா ஓய்வுபெறும்வரை தோளில் மாட்டிப் போன பையை, பிளாட்டுக்குக் குடிவந்தபோது பழைய சாமான்காரனிடம் அவளே போட்டுவிட்டாள்.

போன மாதம் அவளிடம் கேட்டேன், சரியான சாயம் வாங்கி அதைப் பழையபடி மாற்றியிருக்கலாமே, ஏன் செய்யவில்லை என்று.

"உங்கப்பா வாங்கினு வந்தாரே. சிக்னலுக்குப் போய்ட்டு வந்தீங்க இல்ல, அன்னிக்கு சாயங்காலமே. மெரூன் புட்டிய எம் முன்னால வெச்சு, 'இத அடிச்சிடு, பாக்கறப்பல்லாம் புள்ள மனசு கஷ்டப்படும்'னாரு."

"நீ என்ன சொன்ன?"

"அவனுக்குத்தான் ரெண்டும் ஒண்ணாச்சே, அடிச்சா மட்டும் அவனுக்கு எப்படித் தெரியும்னேன்." அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அவரு திருதிருன்னு முழிச்சாரு. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சோம் பாரு, அப்படி ஒரு சிரிப்பு."

அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. வழக்கம்போல சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருந்தேன்.