அப்பாவின் இலையில் ஒரு சிகரெட்

லோகேஸ்வரன் சிகரெட்டை விடப்போகிறான் என்றதும், தெப்ராவ் தொழிற்சாலையில் அவனோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றார்கள். சிரிக்கட்டும்! அவர்கள் வீட்டிலா கஸ்தூரி இருக்கிறாள்? அவன் மனைவிக்கு ஆஸ்துமா. இவன் சட்டையில் ஒட்டியிருக்கும் புகை வாடைக்கே அவளுக்கு மூச்சு இழுக்கும். பாவம், பல வருடமாக வேறு அறையில்தான் படுக்கிறாள். அவள் திரும்பத் தன் பக்கத்தில் வந்து படுக்க வேண்டும், அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சூயிங் கம், மாத்திரை எதுவும் பலிக்காமல், ஜொகூர் பாருவில், மூளையில் காந்த அலை செலுத்தி ஆசையை அடக்கும் காந்த சிகிச்சைக்குப் போனான். தலைக்கவசம் போன்ற ஒன்றை மாட்டுவார்கள். அது மரங்கொத்தி மாதிரி டொக்டொக்கென்று தட்டும். வலிகூடப் பரவாயில்லை. தட்டுவதற்கு முன்னால் தாதி தர்மினி ஒரு லைட்டரைக் கையில் கொடுப்பாள், அதுதான் கொடுமை.

"அங்கிள், எப்ப ரொம்பக் குடிக்கணும்னு தோணுமோ, அத நல்லா நெனைங்க."

"மறக்க வந்தவன நெனைக்கச் சொல்றீங்களே, மிஸ்ஸி!"

"ஆசைய எழுப்பிவிட்டுத்தான் அங்கிள் அடக்கணும்."

சில வாரங்களில் ஆசை இளைத்தது. ஆனால் சாகவில்லை. அப்போதுதான் அப்பாவின் திதி வந்தது.

அப்பா காளியப்பன் செடெனாக் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சிகரெட் இல்லாமல் அவருக்குப் படையல் கிடையாது. மூத்த மகன்தான் ஓர் இழுப்பு இழுத்துப் பற்றவைத்து இலையில் வைக்க வேண்டும். இந்த வருடமும் பழக்க தோஷத்தில் உதட்டில் வைத்துவிட்டான். புகையிலை ருசி நாக்கில் ஏறியது. ஒரே ஓர் இழுப்பு, அதுவும் பெற்ற அப்பாவுக்காக. யார் குறை சொல்வார்கள்?

லைட்டரைச் சொடுக்காமல் அவன் தயங்கி நிற்பதைக் கஸ்தூரி பார்த்தாள். பக்கத்தில் வந்து, சிகரெட்டை அவன் உதட்டிலிருந்து எடுத்தாள்.

"மாமா காத்துக்கிட்டு இருக்காருங்க. நானே இழுத்து வச்சிடுறேன்."

இன்னொரு கையில் இன்ஹேலரைத் தயாராகப் பிடித்திருந்தாள், மகராசி.

அலமாக்! ஆஸ்துமாக்காரி புகையை இழுப்பதா? சிகரெட்டை வெடுக்கென்று பிடுங்கினான். பற்றவைக்காமலே இலையில் வைத்து, பக்கத்தில் லைட்டரையும் வைத்துக் கும்பிட்டான்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. இனிமே நீங்களே பத்த வச்சுக்குங்க."

கஸ்தூரி வாய்விட்டுச் சிரித்தாள். இருமல் வரவில்லை. படையல் முடிந்து இலை எடுத்ததும், தன் தலையணையைக் கொண்டுவந்து அவன் தலையணைக்குப் பக்கத்தில் போட்டாள்.