வாய் உள்ள கப்பல்

ஒன்றைப் பத்தொன்பது வருடங்களாகத் தேடுகிறவருக்கு அது கிடைத்துவிட்டால், மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வார்?

என் எதிர்வீட்டுக்காரர் பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். சனிக்கிழமை பத்து மணி, பொம்மைக் கடையில் மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரி. பெட்டியைத் திறக்க மாட்டார். தலையைச் சாய்த்து, இரண்டு முறை மெதுவாக, ஒரு முறை வேகமாக ஆட்டுவார். "சக்கரம் ஒண்ணு கழண்டு உருளுது" என்பார். கடைக்காரர் பிரித்துப் பார்ப்பார். உருண்டுகொண்டிருக்கும்.

அலமாரியில் இருப்பவை கப்பல், விமானம், டாங்கி ஆகியவற்றின் சின்ன உருவங்களைச் செய்வதற்கான கிட்டுகள். பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் பூசவேண்டும். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கிட். தட்டையான அடிப்பாகத்தோடு நேரே கரையில் வந்து முட்டி, முன்சுவரைக் கதவுபோல இறக்கி, ஆட்களையும் வண்டிகளையும் கடற்படை இறக்கிவிடும் தரையிறங்கு கப்பல். அதிலும் ஒரு குறிப்பிட்ட வகை. கிட்டைச் செய்த கம்பெனியை மூடிப் பல காலம் ஆகிறது.

"கேப்டன், விமானம் தாங்கி இருக்கு, நீர்மூழ்கி இருக்கு. பேர் வாங்கின கப்பல் எல்லாம் இருக்கு. இந்தத் தகரத் தொட்டிய யாரு கேக்கறா?" என்பார் கடைக்காரர்.

"நான் கேக்கறேனே."

"நீங்க ஒருத்தர் கேக்கறீங்கன்னு கம்பெனிக்காரன் மறுபடி பொறந்து வருவானா?"

"கேப்டன்னு கூப்பிடாதப்பா. நான் கதவுக்காரன்."

அது உண்மை. கடற்படையில் பதினோரு வருடங்கள் இருந்தார். அந்தக் கப்பலின் முன்கதவை இறக்குவதும் ஏற்றுவதும்தான் அவர் வேலை. இப்போது வயது அறுபத்தொன்று. பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறார். விரல் நகங்களில் எப்போதும் ரோஸ் நிற மெழுகு இருக்கும். பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார். பழகாதவர்கள் கூசிப்போவார்கள்.

"மத்த கப்பலுக்கெல்லாம் மூக்கு சார், இதுக்கு மட்டும்தான் வாய்" என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

கட்டைவிரல் அளவில் ஒரு தரையிறங்கு கப்பல் டாங்கி கிட்டோடு இலவசமாக வரும். கடைக்காரர் அதை ஆசை காட்டிப் பார்த்தார். இவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "எறும்பு இறங்கலாம்" என்று திருப்பிக் கொடுத்தார். ஞாயிறு பழைய சாமான் சந்தைக்குப் போவார். முகம் தெரியாத சேகரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதுவார். பதில் வரும், கிட் வராது. அவருக்கு வந்த கடிதங்களில் பாதி, 'மன்னிக்கவும்' என்று தொடங்குபவை.

எங்கள் அடுக்குமாடியில் அவரோடு லிஃப்டில் போக யாருக்கும் பொறுமை கிடையாது. கதவு மூடப்போகும்போது குறுக்கே கையை வைத்துவிடுவார். வராந்தாவின் கடைசிவரை பார்ப்பார். ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

"யாருக்குண்ணே இந்தக் காவல்? கல்யாண வீடா, எல்லாரும் வந்தப்புறம் பந்தி போட?" என்று மூன்றாம் மாடித் தையல்காரம்மா சத்தம் போடுவார்.

"ஏறிட்டாங்களான்னு பாத்தேம்மா."

அவர் வீட்டிலிருந்து நான் கிளம்பினாலும் இதே கதைதான். நான் எதிர்வீட்டுக்குள் நுழைந்து தாழ் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் கதவைச் சாத்துவார். நடுவில் நான்கு எட்டுத் தூரம்.

வீட்டில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரே ஒரு நாற்காலி. நான் போனால் அவர் கட்டிலில் உட்காருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அக்காவிடமிருந்து போன் வரும். ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி இருக்கும் ஊரில் அவரும் தனியாக இருக்கிறார். இவர் கையில் வேலை இருக்கும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அப்படித்தான் அந்தக் குரல் எனக்குப் பழக்கம்.

"டேய், மாடி ரூமை வெள்ளையடிச்சாச்சு. ஜன்னலுக்குக் கீழ அலமாரி போட்டிருக்கேன், உன் டப்பாவெல்லாம் அடுக்க. எப்படா வரே?"

"கப்பல் கிடைக்கட்டும்க்கா. வந்துடறேன்."

"கிடைக்கவே இல்லன்னா?"

"கிடைக்கும்."

"எனக்கு முட்டி போயிருச்சுடா. நீ கப்பல்ல வரதுக்குள்ள நான் பாடையில போயிருவேன்."

"அபசகுனமா பேசாதக்கா."

ஒவ்வொரு வாரமும் இதே பேச்சு, சொல் மாறாமல். அந்த வாக்கு அக்காவுக்கு நம்பிக்கையாக இருந்தது. இவருக்கு அது தாழ்ப்பாளாக இருந்தது என்று எனக்குத் தோன்றும். தேடுகிறவர்களைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் நிறையச் சொல்கின்றன. தேடலைச் சாக்காக வைத்துக்கொண்டவர்களைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆனால் இவர் எந்த வகை என்று முடிவுகட்ட எனக்கு இன்றும் துணிவு இல்லை.

போன வருடம் மழை முடிந்த ஒரு சனிக்கிழமை அது கிடைத்தது. வேறெங்கும் இல்லை, அதே மாடிப்படி அலமாரியில். சேகரிப்பாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் இடம் போதாமல்போனால் இரண்டு கிட்டை ஒரே பெட்டியில் திணித்துவிட்டு, மற்ற பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். யாரோ ஒருவர் விற்றுவிட்டுப் போன டாங்கிப் பெட்டிக்குள், டாங்கிக்கு அடியில், கப்பல் படுத்திருந்தது. கடைக்காரர் அலமாரியை ஒழிக்கும்போது பெட்டி விழுந்து திறந்துகொண்டது.

இவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் தெரியவில்லை. பெட்டியை வாங்கி, மூடி, காதருகே வைத்து ஆட்டினார்.

"ஆறு வருஷமா இங்க இருக்கு சார். இதை நான் ஆட்டிப் பாத்திருக்கேன். டாங்கிக்கு இவ்வளவு சத்தம் வராதேன்னு நினைச்சேன். உடைஞ்சிருக்கும்னு வச்சுட்டேன்."

"விடுங்க கேப்டன், அதான் கிடைச்சிருச்சே" என்றார் கடைக்காரர். இந்த முறை இவர் அவரைத் திருத்தவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்குப் போன் வந்தபோது மறைக்கவும் இல்லை. பொய் சொல்ல வராத மனிதர். "கிடைச்சிருச்சுக்கா" என்றார். மறுமுனையில் ஒரு ஜன்னலைத் திறக்கும் சத்தம். பிறகு, "சரி, ஒட்டி முடிச்சிட்டு வா. மெத்தையை வெயில்ல போடறேன்" என்று கேட்டது.

மூன்று வாரம் ஒட்டினார். பல் வேலைக்கான ஊசிக் கத்தி, கடுகளவு அரம், பூனைமுடித் தூரிகை. தளத்துக்குச் சாம்பல் வண்ணம் பூசி, அதன்மேல் துரு வைத்து, துருவின்மேல் உப்புப் படிந்த வெள்ளையும் வைத்தார். எல்லாம் முடிந்து முன்கதவு மட்டும் தனியாக மேஜைமேல் கிடந்தது. அது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. வழிகாட்டித் தாளில் அந்த இடத்தில் இரண்டு படங்கள் போட்டிருந்தார்கள். கதவு தூக்கியது ஒன்று, இறக்கியது ஒன்று. ஒட்டுவதற்கு முன் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒட்டிவிட்டால் மாற்ற முடியாது.

ஒன்பது நாள் அது அப்படியே கிடந்தது.

பத்தாம் நாள் நான் கேட்காமலே சொன்னார். "ஒரு தடவ புயல் வந்துச்சு சார். தீவுல இருந்து ஜனங்களை ஏத்திட்டு வந்தோம். கடைசி நடை. தண்ணி உள்ள வருது, கதவத் தூக்குன்னு மேல இருந்து சத்தம். தூக்கிட்டேன்."

"கரையில ஆள் இருந்தாங்களா?"

"இருந்திருக்கலாம். தூக்கிட்டா முன்னாடி ஒண்ணும் தெரியாது சார், இரும்புதான் தெரியும். அந்தக் கப்பல் அப்படி."

பிறகு மெழுகு படிந்த நகத்தால் கதவின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது. நான் எழுந்து வந்தேன். என் தாழ் விழுந்த பிறகு அவர் கதவைச் சாத்தினார்.

அடுத்த வாரம் கப்பல் மேஜைமேல் இல்லை. பொய்ப்பல் அனுப்பும் அட்டைப்பெட்டியில் பஞ்சு சுற்றி, அக்காவுக்குப் பார்சலில் அனுப்பிவிட்டார். அவர் போகவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்குக் கடைக்குப் போய் வேறு ஒரு பெட்டியை ஆட்டிப் பார்த்ததாகக் கடைக்காரர் சொன்னார். "என்ன தேடறீங்கன்னு கேட்டேன் சார். சொல்லமாட்டேங்கறாரு."

முன்பு ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்தபோது அக்கா என் எண்ணை வாங்கி வைத்திருந்தார். அதில் கூப்பிட்டார்.

"கப்பல் வந்துச்சுங்க, உடையாம வந்துச்சு. ஜன்னல்ல வச்சிருக்கேன். கதவைத் தொறந்தபடி ஒட்டியிருக்கான். வரேன்னு அர்த்தமா, இவ்வளவுதான்னு அர்த்தமா? எனக்குப் புரியல. அவன்கிட்ட கேட்டா, மருந்து சாப்பிட்டியாக்காங்கறான். நீங்க கேட்டுச் சொல்லுங்களேன்."

கேட்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை எங்கள் நான்காம் மாடியில் லிஃப்ட் வாசலில் அவர் நின்றிருந்தார், கை கதவுக்குக் குறுக்கே. உள்ளே, மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கும் தையல்காரம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா கேக்கறாங்க" என்று தொடங்கினேன்.

"ஏறுங்க சார்" என்றார்.

ஏறினேன். வராந்தாவின் கடைசிவரை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை எடுத்தார். கதவு மூடியது. அவர் வெளியே நின்றிருந்தார்.