மாமாவுக்கு ரவுணில் வேலை

எங்கள் வீட்டில் சந்தேகப்படுவதற்கு யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. பால்காரர் வழமைக்கு மாறாகச் சிரித்துக்கொண்டு பால் ஊற்றினால், அன்று பாலில் தண்ணீர் கூடிவிட்டது என்று அம்மா முடிவு கட்டிவிடுவார். உரம் விலை குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் அப்பா கடைக்குப் போய் மூட்டையை முகர்ந்து பார்ப்பார். அந்த இரண்டு பேருக்கும் பிறந்த ஒரே பிள்ளை நான். ஆகவே சின்ன மாமா ஒருநாள் வந்து தனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னபோது, அதை நம்புவதற்கு வீட்டில் ஆள் இருக்கவில்லை.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. அம்மாவின் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஒரே சகோதரம் அவர்தான்; எங்களோடுதான் இருந்தார். பிறிட்ஜும் ஏசியும் திருத்துகிற டிப்ளோமா படித்து, கடைசிச் சோதனையில் கோட்டை விட்டிருந்தார். கைவேலை எல்லாம் சரியாம், எழுத்துச் சோதனையில்தான் பிழை விட்டாராம். அப்பா அச்சுவேலிச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோனால், வெங்காயத்தின் விலையைக் கேட்பதற்கு முன் மாமாவின் சோதனையைப் பற்றித்தான் கேட்டார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த அப்பா, ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பொங்கலுக்கிடையிலை ஒரு வேலையை எடு. இல்லாட்டில் கட்டாருக்கு அனுப்பிப்போடுவன். ஏஜென்சிக்காரனோடை கதைச்சுப்போட்டன்."

அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். கட்டார் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ஒழுங்கையில் இருந்து அங்கே போன அண்ணைமார் ஒருவரும் திரும்பி வந்து தங்கியதில்லை என்பது தெரியும். மாமாவும் போய்விடுவார் என்று பயந்து, அன்று முழுக்க அவரை விட்டு நான் விலகவில்லை.

அதற்குப் பிறகு நெடுநாள் ஆகவில்லை, மாமா வேலைச் செய்தியோடு வந்தார்.

"யாழ்ப்பாண ரவுணிலை ஒரு கொம்பனி அக்கா. பிறிட்ஜ் பாக்கிற வேலைதான்."

"என்ன கொம்பனி?"

"சின்னக் கொம்பனி. பேர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது."

அம்மாவுக்குத் தெரியாத கொம்பனி ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது என்பதை அம்மா எப்படி ஏற்றுக்கொள்வார்? அன்றைக்கே விசாரணை தொடங்கிவிட்டது. துப்பறிகிற வேலை எனக்கு. மாமா கழற்றிப்போடும் சேட்டுகளை முகர்ந்து பார்ப்பதும், பொக்கற்றுகளைத் துழாவுவதும் என் பொறுப்பு. சேட்டில் ஓடிக்கொலோன் மணந்தது. பொக்கற்றில் ஒருநாள் ரோசாப்பூ இதழ்கள் கிடைத்தன, வாடிப்போய், மூன்றோ நாலோ. நான் அவற்றை உள்ளங்கையில் வைத்து அம்மாவிடம் கொண்டுபோனேன். அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"ஆரோ பெட்டையின்ரை விசயம்" என்றார் அப்பா.

அதோடு விட்டதா? காலையில் வெளிக்கிடும்போது "போட்டு வாறன்" என்று சொல்வதை மாமா மறந்துபோனார். சொல்லாமல் கொள்ளாமல் படலையைத் திறந்துகொண்டு போய்விடுவார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போலத் திரும்பி வந்து, அவசரமாகச் சொல்லிவிட்டுப் போவார். பின்னேரம் வந்தால் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார். நேரே கிணற்றடிக்குப் போய், சேட்டைக் கழற்றிப்போட்டு, தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தால், "கிட்ட வராதை பிள்ளை, முழுகிப்போட்டு வாறன்" என்பார். குடித்த மணத்தை மறைக்கத்தான் முழுகுகிறான் என்று அம்மா கண்ணைக் கசக்கினார். கடைசியில், மாமாவைக் கீரிமலையில், அதுவும் ஒரு வேலைநாள் காலையில் கண்டதாக முன்வீட்டு அன்ரி வந்து சொன்னார்.

"வேலைநாளிலை கீரிமலைக்கு ஆர் போவினம்?" என்று அம்மா கேட்டார்.

"சோடியாப் போறவை போவினம்" என்றார் அப்பா. "பொங்கல் முடியட்டும். பாஸ்போட்டோடை ஏஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

எங்கள் ஊரில் வீட்டு வாசலில் ஏறாமல் கிணற்றடிக்குப் போகிறவன் எங்கிருந்து வருகிறான் என்பது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். செத்தவீட்டிலிருந்து வருகிறவன்தான் அப்படி முழுகுவான். செத்தவீட்டிலிருந்து புறப்படும்போதுதான் யாரும் "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை. ஓடிக்கொலோன் தெளிப்பதும் அங்கேதான்; சாம்பல் கரைக்கப் போவதும் கீரிமலைக்குத்தான். ஆனால் நாள்தோறும் செத்தவீட்டுக்குப் போகிற மனிதன் ஒருவன் இருப்பான், அவன் எங்கள் வீட்டிலேயே இருப்பான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இவ்வளவு சந்தேகப்பட்ட நாங்கள் அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

பொங்கலுக்கு முன்னமே ஒருநாள், மாமா வேலைக்குப் போன பிறகு, அப்பாவின் அண்ணர், என் பெரியப்பா, காலமானார். மகன் கனடாவிலிருந்து வரவேண்டும். அதுவரை உடலை வைத்திருக்க, செத்தவீட்டுக்கு வேண்டியதெல்லாம் ஒழுங்கு செய்கிற, ரவுணில் உள்ள மலர்ச்சாலை ஒன்றிலிருந்து குளிர்ப்பெட்டி எடுப்பித்தார்கள். பெரியப்பா வீட்டுப் பந்தலுக்குள் சனம் நிறைந்திருந்தது. அப்பா வாசலில் நின்று வருகிறவர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்போது வான் வந்தது. கொம்பனியின் பெயர் எழுதிய, வீட்டில் ஒருநாளும் காணாத நீலச் சேட்டோடு இறங்கியவர் சின்ன மாமா.

அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். மாமாவின் முகம் வெளிறிப்போயிற்று. எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லைப்போல. ஆனாலும் அவர் நேரே அப்பாவிடம் வந்து, முன்பின் அறியாத ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஐயா, கரண்ட் எங்கை எடுக்கலாம்?"

அப்பா சுவரைக் காட்டினார். மாமா விளையாடுகிறார் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் மாமாவைத் தெரிந்தவர்கள். ஒருவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அம்மா பெண்களுக்குள் இருந்து தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மாவின் அண்ணர், கரவெட்டியிலிருந்து வந்திருந்தவர், அவருக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"தம்பி, உவன் உம்முடைய மனுசியின்ரை சகோதரனெல்லே? உந்த வேலைக்கோ விட்டு வைச்சிருக்கிறீர்?"

மாமா குனிந்து வயரைப் பிரித்துக்கொண்டிருந்தவர், நிமிரவேயில்லை. அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஓம் அண்ணை, என்ரை மச்சான்தான். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டனான். நல்ல வேலை."

பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, வீட்டில் கேட்கிற குரலில், "வயர் நீளம் காணுமோடா?" என்றார்.

"ஓம் அத்தான், காணும்" என்றார் மாமா. சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்க்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

அந்த நிமிடம் என் மனதில் ஒன்றுதான் ஓடியது. அப்பாவுக்கு எல்லாம் முதலே தெரியும்! அவர்தான் சேர்த்துவிட்டவராம்! தெரிந்துகொண்டே என்னைச் சேட்டு முகர விட்டிருக்கிறார், அம்மாவை அழ விட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

காரியங்கள் எல்லாம் முடிந்து நாங்கள் நாலு பேரும் வீட்டில் ஒன்றாக இருந்து சாப்பிட்ட முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"அப்பா, மாமாவின்ரை வேலை உங்களுக்கு முதலே தெரியுமோ?"

மாமாவின் கை சோற்றுக் கோப்பையில் அப்படியே நின்றது. அம்மா சொதிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம், தெரியும்."

அம்மா அப்பாவின் சோற்றில் சொதியை வார்த்தார். அவர் போதும் போதும் என்று கையைக் காட்டியும் வார்த்துக்கொண்டே இருந்தார். பொங்கல் வந்து போயிற்று. கட்டாரைப் பற்றி வீட்டில் யாரும் கதைக்கவில்லை.

நான் மட்டும் அப்பாவை மன்னிக்கவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்து, புத்தகப் பையைச் சுமந்துகொண்டு நடந்தே போனேன். அவர் பின்னால் மெதுவாக மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன பிள்ளை கோவம்?"

"நீங்கள் பொய்க்காரன்."

அவர் பள்ளிக்கூடப் படலைவரை பின்னாலேயே வந்துவிட்டுத் திரும்பிப் போனார். வானிலிருந்து மாமா இறங்கிய நிமிடம்வரை அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதை, அவர் வாயைத் திறந்தபடி நின்றதைப் பக்கத்தில் நின்று பார்த்த நானே நினைத்துப் பார்க்கவில்லை. அப்பா பொய்தான் சொன்னார். எந்த இடத்தில் சொன்னார், யாருக்காகச் சொன்னார் என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.