சுருதியைக் கலைத்தது யார்?

கம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உமாதேவிக்கு வேலை. ஒரு தடவை வந்த முடிவை அவள் நம்புவதில்லை. யாருக்காவது சர்க்கரை கூடுதலாகக் காட்டினால் முதலில் மெஷினைச் சந்தேகப்படுவாள், அடுத்து ரத்தம் எடுத்த பெண்ணை. நோயாளி கடைசியில்தான். வீட்டிலும் அதே குணம். கணவர் சுருளிராஜன் கேரள எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். வழியில் டயர் பஞ்சர், அதனால் தாமதம் என்றால், பஞ்சரான டயரை அவள் கண்ணில் காட்டியாக வேண்டும்.

மதுரையில் படிக்கும்போது விடுதித் தோழி ஒருத்தியிடம் கிட்டார் கற்றிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு உறைக்குள்ளேயே கிடந்த கிட்டாரை, நாற்பதை நெருங்கும்போது மறுபடியும் வெளியே எடுத்தாள். ஊரில் மைக்செட் வைத்திருக்கும் நவாஸ் ஒரு மெல்லிசைக் குழுவும் நடத்திவந்தார். கல்யாண வரவேற்புகளில் பாடுவார்கள். அந்தக் குழுவில் அவள் சேர்ந்தாள். கீபோர்டு முத்துராஜா, பாட்டு ஜோதிகா. நவாஸ் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து ஒலியைப் பார்த்துக்கொள்வார்.

ஜோதிகாவின் குரலுக்குப் பல பாட்டுகளை ஒரு கட்டை ஏற்ற வேண்டியிருந்தது. முத்துராஜாவுக்கு ஒரு பட்டனை அழுத்தினால் போதும். கிட்டாரில் அது நடக்காது. அதற்காக உமாதேவி ஆன்லைனில் ஒரு கேப்போ வாங்கினாள். கிட்டாரின் கழுத்தில் மாட்டும் சின்னக் கவ்வி அது. எல்லாக் கம்பிகளையும் ஓர் இடத்தில் சேர்த்து அமுக்கிச் சுருதியை ஏற்றிவிடும். துணி கிளிப் மாதிரி ஸ்பிரிங் வைத்தது. வாங்கியவர்கள் எல்லாரும் புகழ்ந்து எழுதியிருந்ததைப் படித்தாள், இந்த ஒரு தடவை சோதித்துப் பார்க்காமல் நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. முதல் பாட்டு சரியாகப் போகும். கேப்போ போட்ட பாட்டு வந்ததும் கிட்டாரும் கீபோர்டும் ஒட்டாது. ஜோதிகா பாடிக்கொண்டே புருவத்தைச் சுருக்குவாள். இடைவேளையில் தான் தண்ணீர் குடிக்கப் போகும் நேரத்தில் யாரோ கிட்டாரின் திருகுகளைத் தொடுகிறார்கள் என்று உமாதேவி முடிவுகட்டினாள். ஒவ்வொரு திருகிலும் நெயில் பாலிஷால் மெல்லிய கோடு போட்டுவைத்தாள். யாராவது திருகினால் கோடு விலகிவிடும். எந்தக் கோடும் விலகவில்லை. சுருதி மட்டும் விலகியது.

அப்படியானால் தப்பு எதிர்ப்பக்கம்தான் என்று பட்டது. முத்துராஜா கீபோர்டில் சுருதியை நூலளவு மாற்றிவைத்து வேடிக்கை பார்க்கிறான். அவளுக்குப் பதில் வேறு யாரையோ கொண்டுவரப் பார்க்கிறான். இப்படி நினைக்க ஆரம்பித்ததும் எல்லாமே அதற்கேற்ற மாதிரி தெரிந்தது. அவன் நவாஸிடம் குனிந்து ஏதோ சொல்வதும், அவள் பக்கத்தில் போனால் இருவரும் பேச்சை மாற்றுவதும்.

உத்தமபாளையத்தில் ஒரு வரவேற்பு. கேப்போ போட்ட பாட்டு முடிந்ததும், பெண்வீட்டார் காதுபடவே அவள் கேட்டாள்.

"முத்து, அந்தப் பட்டன்ல இருந்து கையை எடுத்துட்டு வாசிக்கிறியா?"

அவன் மிச்சப் பாட்டுகளைக் குனிந்த தலையோடு வாசித்து முடித்தான். கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டு ஜோதிகாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அடுத்த ஒத்திகைக்கு வரவில்லை; நவாஸ் கூப்பிட்டபோது இனி வரமாட்டேன் என்றிருக்கிறான்.

உமாதேவிக்கு அதில் வருத்தமில்லை, தான் ஜெயித்துவிட்டதாகத்தான் தோன்றியது. ஞாயிறு மதியம், சமையல் முடித்து, வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசித்தாள். கேப்போவை மாட்டினாள். அதே பிசிறு. கீபோர்டும் இல்லை, முத்துராஜாவும் இல்லை. சந்தேகப்பட அந்த அறையில் அவளைத் தவிர ஆள் கிடையாது.

போனில் சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து வைத்து, கம்பி கம்பியாகத் தட்டிப் பார்த்தாள். கேப்போ இல்லாதபோது எல்லாம் சரியாக இருந்தன. மாட்டினால் மூன்றாவது கம்பி எகிறியது, மற்றவையும் கொஞ்சம் கொஞ்சம். கழற்றினால் பழையபடி இறங்கின. ஸ்பிரிங்குக்கு ஒரே பிடிதான். கம்பிக்கு எவ்வளவு தேவை என்று அதற்குத் தெரியாது, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு அமுக்கும். அமுக்கிய அமுக்கில் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. இத்தனை பேரைச் சந்தேகப்பட்டவள், தன் கையால் மாட்டிய பொருளை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

அடுத்த விடுப்பு நாளில் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினாள். இசைக்கருவிக் கடைக்காரர் ஐந்தாறு கேப்போக்களை எடுத்துப் போட்டு, எல்லாம் ஒன்றுதான், நிறம்தான் வேறே என்றார். அவள் நம்பவில்லை. திருகு வைத்ததை மட்டும் ஒதுக்கினாள். அதிலும் ஒன்றின் ரப்பர் தட்டையாக இருந்தது. அது நைலான் கம்பி போட்ட கிட்டாருக்கு ஆகும். அதன் கழுத்துப் பரப்பு தட்டை, இவளுடைய கிட்டாரில் அது லேசாக வளைந்திருக்கும். தட்டை ரப்பர் போட்டால் நடுக்கம்பிகள் சரியாகப் படியாமல் இரையும். ரப்பர் வளைவாக இருந்ததை எடுத்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடையிலேயே மாட்டிப் பார்த்தாள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டியின் மேலே ஏறாமல், அதற்கு ஒட்டினாற்போல் பின்னால் வைத்தாள். ஒரு கையால் கம்பிகளைத் தட்டியபடியே மற்றக் கையால் திருகை மெல்ல முறுக்கினாள். இரைச்சல் நின்ற இடத்தில் நிறுத்தினாள். வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் முறுக்கியபோது மூன்றாவது கம்பி ஏறியது, தளர்த்தியதும் இறங்கியது. அதையே வாங்கினாள்.

முத்துராஜா பகலில் கம்பத்தில் ஒரு வாழைக்காய் மண்டியில் இருப்பான். நேரே அங்கே போனாள். லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தப்பு தன்னுடையது என்று சுற்றிவளைக்காமல் சொன்னாள். பழைய கேப்போவையும் புதியதையும் எடுத்துக் காட்டி, நடந்ததை விளக்கினாள். அவன் இரண்டையும் வாங்கி விரலால் அமுக்கிப் பார்த்தான்.

"கிட்டார்தான்னு எனக்குத் தெரியும்க்கா. நவாஸ் பாய்கிட்ட சொல்லி, அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் உங்க சவுண்டைக் குறைச்சு வச்சோம். முன்னால உக்காந்திருந்தவுகளுக்கு நீங்க வாசிச்சதே கேட்டிருக்காது."

உமாதேவிக்கு முகம் சுட்டது. ஆக, அந்தக் குனிந்த பேச்சு அவளைப் பற்றித்தான். அவள் நினைத்த காரணம்தான் வேறு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பீகளா?"

அவள் கேப்போக்களை வாங்கிப் பைக்குள் போட்டாள். லாரிக்காரர் அவனைக் கூப்பிட்டார். போவதற்கு முன்னால், பெண்வீட்டார் முன்னால் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை என்றான். குழு முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள் அவள். அதெல்லாம் வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டான்.

ஆனாலும் மன்னிப்புக் கேட்கவே செய்தாள். அடுத்த ஒத்திகையில், அவன் வந்திருக்கிறானா இல்லையா என்று பார்க்காமல், நவாஸ், ஜோதிகா இருவரிடமும் நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தாள். கூடவே, இனி தன் சவுண்டைக் குறைத்தால் தன்னிடம் சொல்லிவிட்டுக் குறைக்கும்படி நவாஸிடம் கறாராகச் சொன்னாள். நவாஸ் சங்கடத்தோடு தலையாட்டினார். முத்துராஜா அதற்கடுத்த வாரம் வந்தான்.

லோயர் கேம்பில் நடந்த வரவேற்பில் கிட்டார் முழுச் சத்தத்தில் ஒலித்தது. கேப்போ மாட்டியதும் ஒரு தடவை சுருதி சரிபார்த்துக்கொண்டுதான் அவள் பாட்டைத் தொடங்கினாள். ஜோதிகா ஒரு சரணத்தைக் கூடுதலாகப் பாடினாள்.

உமாதேவி மாறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. கச்சேரிக்கு முன்னால் மிக்ஸரில் தன் குமிழ் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கிறாள், நவாஸும் காட்டுகிறார். போன மாத ஒத்திகையில் முத்துராஜா வாசிப்பதை நிறுத்திவிட்டு, "அக்கா, ரெண்டாவது கம்பி எறங்கியிருக்கு" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். இறங்கித்தான் இருந்தது. திருகிச் சரிசெய்துகொண்டு, அவனை மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள்.