கின்னிக்குக் கீழே, ராசாங்கத்துக்கு மேலே

ஜெயங்கொண்டத்தில் விருத்தாசலம் பஸ் திரும்புகிற முக்கில் ராசாங்கத்தின் கறிக்கடை. காடை, நாட்டுக்கோழி, கின்னிக்கோழி, ஆர்டர் சொன்னால் வான்கோழி. அவர் இறந்து ஒரு மாதம் ஆகிறது. கடையை இப்போது மனைவி உண்ணாமலை திறக்கிறாள்.

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவர் குரலே போதும். "வாங்க மாமா! மருமவன் வந்துருக்காராமே? கின்னி எடுங்க. பிராய்லர் போட்டீங்கன்னா பொண்ணயும் சேத்து வுட்டுட்டுப் போயிருவாரு!" சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவருக்கும் கேட்கும். அவரும் சிரித்துக்கொண்டே வந்துவிடுவார்.

மகள் தென்றல் கால்நடை மருத்துவர். பெரம்பலூரில் வேலை. மேற்படிப்புக்கு அவள் எடுத்த பொருள், கறிப் பறவைகளின் மூச்சுக்குழாயும் குரல் உறுப்பும்: எந்தப் பறவைக்கு எப்படி, ஏன். "அப்பா, குரல்வளை வேணும், ஒவ்வொரு சாதியிலயும் கொஞ்சம் அனுப்புங்க" என்று போனில் கேட்டாள். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு பஸ்ஸில் வந்தது. திறந்தால் அத்தனையும் வெறும் கழுத்து.

"கழுத்து இல்லப்பா. அதுங்களுக்குக் குரல் நெஞ்சுல இருக்கு."

"நெஞ்சுலயா? அதான் தல போனப்புறமும் டிரம்முக்குள்ள கிடந்து கத்துதா!"

அதற்குப் பிறகு முழுப் பறவையாக வந்தது. ராசாங்கத்துக்கு அந்தச் சேதி ரொம்பப் பிடித்துவிட்டது. கறி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். "குரலு நெஞ்சுல இருக்குங்க. எம் பொண்ணு கண்டுபுடிச்சுருக்கு." கண்டுபிடித்தது அவள் இல்லை என்று தென்றல் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அவர் தொண்டை கட்டியது. கட்டியது விடவில்லை. திருச்சியில் பார்த்தார்கள். புற்று. குரல்வளையை எடுக்க வேண்டும், எடுத்தால் பிழைப்பார், பேச்சு போய்விடும் என்றார் டாக்டர். பேச்சில்லாமல் இவர் எங்கே சம்மதிக்கப்போகிறார் என்று தாயும் மகளும் பயந்தார்கள். அவரோ உடனே தலையாட்டிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில், அரியலூர் தாண்டியதும், கரகரத்த குரலில் சொன்னார்: "பேச்சு போயிரும்னு டாக்டரு சும்மா பயமுறுத்துறாரு. குரலு நெஞ்சுலதான இருக்கு? நீதான சொன்ன. கழுத்துல உள்ளத எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க."

தென்றல் வாயைத் திறந்தாள். உண்ணாமலை அவள் தொடையைக் கிள்ளினாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அந்த மனுசன் சரின்னு சொன்னதே மாரியாத்தா புண்ணியம். நீ டாக்டரு மாதிரி பேசிக் கெடுத்துராத. எடுத்தப்புறம் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது."

"முழிச்சுப் பாத்து ஏமாந்து போனா?"

"உசுரோட ஏமாறட்டும்."

அம்மா சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அப்பா நம்பியது அம்மாவை இல்லை, தென்றலை.

மறுநாள் கடை திறக்குமுன் வெட்டுக்கட்டையில் ஒரு கின்னியையும் ஒரு காடையையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தித் திறந்தாள். ராசாங்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது மூச்சுக்குழா. காடைக்கு சேமியா தடிமன், கின்னிக்கு உறிஞ்சுகுழல் தடிமன். கீழ வந்து ரெண்டாப் பிரியுது பாருங்க, நுரையீரலுக்கு. பிரியிற இடத்துல சவ்வு இருக்கு. அது அதிர்ந்தாத்தான் சத்தம்."

"எல்லாத்துக்கும் இப்படித்தானா?"

"அளவு மாறும், சவ்வு மாறும். வாத்துல ஆணுக்கு மட்டும் அங்க ஒரு எலும்புக் குமிழ் இருக்கும். அதான் பொட்டை கத்தும், ஆணு கரகரங்கும்."

"நம்ம வூட்டுப் பொட்டை வாத்து மாதிரியா?" பக்கத்தில் நின்ற உண்ணாமலை பக்கம் கண்ணைக் காட்டினார்.

தென்றல் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, அவர் விரல்களை எடுத்து அவர் தொண்டை மேட்டிலேயே வைத்தாள். "இப்பப் பேசுங்கப்பா."

"உண்ணாமல!" என்றார்.

"என்னா? செத்தா போயிட்டேன், பக்கத்துலதான நிக்கிறேன்?"

அவர் இன்னொரு முறை, மெதுவாக, "உண்ணாமல" என்றார். மற்ற கையை நெஞ்சில் வைத்தார். திரும்பவும் தொண்டைக்கே கொண்டு வந்தார்.

"மேலதான் அதுருது."

"ஆமாம்ப்பா. கோழிக்குத்தான் கீழ. மனுசனுக்கு மேல. அதத்தான் எடுக்கப்போறாங்க."

உண்ணாமலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராசாங்கம் திறந்து கிடந்த கின்னியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார். யாரும் போகவில்லை.

"கழுத்த அறுப்பானுவோன்னு தெரிஞ்சுதான் சாமி இதுக்கு அடியில வச்சுருக்கான்," என்றார் கடைசியில். "நமக்கு அப்படி யோசிக்கல பாரு."

"அப்பா, வேணாம்னா..."

"வேணாம்னு யாரு சொன்னா? நீ சொல்லாம வுட்டுருந்தா, முழிச்சதும் உன்னத்தான் கூப்புட்டுப் பாத்துருப்பேன். வரலன்னா அப்புறம் உம் பேச்ச எதுலயும் நம்பிருக்க மாட்டேன். போலாம். பேசுறது இருந்தா முன்னாடியே பேசித் தீத்துக்கிறேன்."

அந்த வாரம் முழுக்கப் பேசினார். பஸ் கண்டக்டரிடம், சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த மச்சான் தங்கசாமியிடம், கூண்டில் இருந்த காடைகளிடம். டாக்டர் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தார். "இனிமே ஓய்வுதான" என்றார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி. மீண்டும் கடையில் உட்கார்ந்த முதல் நாள் கல்லாவுக்குப் பின்னால் பேசாமல் இருந்தார். உண்ணாமலைதான் ரோட்டைப் பார்த்துக் கூவினாள். குரல் பிசிறியது. நடுவில் திரும்பி அவரை முறைத்தாள்.

"என்னா பாக்குறீங்க? இந்தக் கடையில இப்பத்தான் நான் பேசுறது நாலு பேரு காதுல வுழுவுது."

ராசாங்கம் சிரித்தார். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் மட்டும் இல்லை. கழுத்தில் கட்டியிருந்த துணி படபடவென்று அடித்துக்கொண்டது.