தங்கையின் லேப்டாப்புக்கு வந்த ஜெர்மன் போலீஸ்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கும். வந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்தேன். நெய்வேலியில் நாங்கள் வளர்ந்த குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரன் பெண்டாட்டியை அடித்தால், இந்த வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

அப்படியொரு ஞாயிறு காலை, நெய்வேலியிலேயே வாழ்க்கைப்பட்ட என் தங்கை கலைவாணிக்கு, போனை ஸ்பீக்கரில் போட்டு, லேப்டாப்பில் விண்டோஸ் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவளுக்கு ஆன்லைனில் வேலை இண்டர்வியூ. அதைக் கெடுக்கத்தான் அவள் கணவன் முருகேசன் லேப்டாப் பாஸ்வேர்டை மாற்றியிருந்தான். எதிர்த்துக் கேட்டதற்கு அவள் இடது கை விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருந்தான். பண்ருட்டி கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரிஜினல் சிடி இல்லாமல் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். சிடியே வேண்டாம், வடலூர்த் தோழியின் கம்ப்யூட்டரிலிருந்து விண்டோஸைப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வா என்றேன். முருகேசன் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பியதும் தொடங்கினோம்.

“ஏதோ கீ நம்பர் கேக்குதுண்ணா.”

“இல்லன்னு குடு. மெஷினுக்குள்ளயே இருக்கும்.”

“எல்லாம் அழிஞ்சிடும்னு வருது. கல்யாண போட்டோ பூரா இதுலதான் இருக்கு.” ஒரு பட்டனைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “அழிச்சிட்டேன்” என்றாள்.

பாதி ஏறியிருக்கும்போது கதவு உதைபடும் சத்தம். ஷிப்டுக்குப் போனவன் குடித்துவிட்டுத் திரும்பியிருந்தான். “யாருகிட்டடி பேசிகினு இருக்க?” அடுத்து, ஈரத்துணியைக் கல்லில் அறைவதுபோல அடி. “அந்தக் கைய வுடு, அந்தக் கைய வுடு” என்று அலறினாள். “வுடுடா அவள! கொன்னுடுவேன்!” என்று நான் கத்தியதில் தொண்டை கிழிந்தது. கையில் கிடைத்த நாற்காலியைச் சுவரில் அடித்து உடைத்தேன். அவன் போனருகே வந்து நிதானமாகச் சொன்னான்: “வா மச்சான், ஏரோப்ளேன் புடிச்சி வந்து கொல்லு.”

என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மாள் பெண் அலறுவதைக் கேட்டுப் போலீஸைக் கூப்பிட்டிருந்தார். வாசலில் ஓர் ஆண் போலீஸும் ஒரு பெண் போலீஸும். “வோ இஸ்ட் டீ ஃப்ராவ்?” அந்தப் பெண் எங்கே? “இந்தியாவில்” என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்த அந்த ஆள் என் கையை முறுக்கி, முகத்தைச் சுவரில் அழுத்தினான். பெண் போலீஸ் குளியலறை, அலமாரி, கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினார். தரையில் கிடந்த போனிலிருந்து கலைவாணி மறுபடி அலறினாள். பெண் போலீஸ் பாய்ந்து போனை எடுத்து, “போலிட்ஸாய்!” என்று தொடங்கி ஜெர்மனில் முழங்கினார்.

“எவ இவ?” என்ற முருகேசனின் குரல். அடுத்து ஒரு மோதல். இம்முறை அலறியது அவன். அவன் போன் பக்கம் திரும்பிய நேரத்தில், கலைவாணி குக்கரை எடுத்து அவன் நெற்றியில் இறக்கிவிட்டாள்.

அவள் லேப்டாப்போடு தோழி வீட்டுக்குப் போய், முதலிலிருந்து மறுபடி விண்டோஸ் போட்டாள். மறுநாள் கிழிந்த உதட்டோடு காமிரா முன் உட்கார்ந்தாள். வேலை கிடைத்தது. அவன் நெற்றியில் தையலோடு கேஸ் கொடுத்தான். அவளும் கொடுத்தாள். இரண்டும் நடக்கின்றன.

அன்று என் கையை விட்டுவிட்டு, போலீஸ்காரர் சொன்னார்: “இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது.” தலையாட்டினேன். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “வடலூர் பஸ்ல ஏறிட்டேண்ணா. செருப்பு போடல.” செருப்பை மாட்டிக்கொண்டு கீழே ஓடினேன். டிராம் நிறுத்தத்தில் நின்று, வடலூர் எந்தப் பக்கம் என்று தெரியாமல், தெருவின் இரு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.