காரணம்: தேர்தலில் போட்டியிட

எனக்கு அது உறைத்தது ஒரு வாக்குச்சாவடியில். மாமல்லபுரம் பக்கம் கடலோர ஊர் ஒன்றின் அரசுப் பள்ளியில், வாத்தியாரான நான் விரல் விரலாக மை வைத்துக்கொண்டிருந்தேன். பட்டியல் பார்த்தவரும் வாத்தியார், இயந்திரத்தருகே இருந்தவர் டீச்சர். பெஞ்சும் பள்ளிக்கூடத்து பெஞ்சு. தேர்தலை நடத்த நாங்கள் வேண்டும், நிற்க மட்டும் ஆகாதா?

உடனே நினைவுக்கு வந்தது எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்கா. திருக்கழுக்குன்றத்துக்கு அருகே எங்கள் ஊர். சமையலுக்குத் தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கி வருபவர் அவர். பள்ளிக்குக் குழாய் கேட்டு ஊராட்சியோடு மல்லுக்கட்டியவரும் அவர்தான்.

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும் வார்டு உறுப்பினருக்கு நிற்கச் சொன்னேன். வேலை போய்விடும் என்றார். இரண்டு பிள்ளைகள் படிப்பது அந்த வேலையில்தான். ஜெயித்தால் விடுப்பில் போங்கள், பதவிக்காலம் முடிந்ததும் இதே வேலைக்குத் திரும்புங்கள் என்றேன். அப்படியொரு விடுப்பு இருக்கிறதா என்று பார்க்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. கடிதத்தை நானே எழுதினேன்.

எங்கள் பள்ளியில் சாவானாலும் மச்சான் நிச்சயதார்த்தமானாலும் விடுப்புக் கடிதத்தில் 'சொந்த அலுவல்' என்றுதான் எழுதுவோம். தலைமையாசிரியை அதையே எழுதச் சொன்னார். நான் கேட்கவில்லை. 'தேர்தலில் போட்டியிட' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அக்கா என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்றிய அலுவலக எழுத்தர் படித்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சார், கரண்டி சின்னமா? இப்டி ஒரு லீவே கெடயாது."

கடிதத்தைத் திருப்பித் தந்திருந்தால் அதோடு போயிருக்கும். கோப்பில் வைத்தார். மூன்றாம் நாள் விளக்கம் கேட்டு அக்காவுக்கு மெமோ வந்தது. மன்னிப்புக் கடிதத்தையும் நானேதான் எழுதினேன். வேட்புமனு நாள் கடந்துபோனது.

ஜெயித்தவர் நாவலூரில் ஐடி கம்பெனி ஊழியர். கம்பெனி லீவு கொடுத்தது, அவர் நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது. அது தப்பில்லை. அது ஏன் அக்காவுக்கு இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். போன வாரம் அந்த உறுப்பினர் சத்துணவைப் பார்வையிட வந்தார். சாம்பாரை நக்கிப் பார்த்து உப்பு கம்மி என்றார். குடத்துத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

அவர் போனதும் அக்கா என்னைப் பார்த்தார். "நீங்க ஏன் சார் மூஞ்சத் தூக்கினு கீறீங்க? தல குனிஞ்சது நானு. விதி இல்லன்னா, விதிய போடச் சொல்லி எழுதுங்க."

இந்த முறை விதிகளை முழுக்கப் படித்தேன். அப்படியொரு விடுப்பு எதிலும் இல்லை; அதனால் மனுவில் நான் கேட்கும் விதி இது: சமையலர் முதல் ஆசிரியர் வரை அரசுப் பள்ளி ஊழியர் யாரும் தேர்தலில் நிற்கலாம்; ஜெயித்தால் பதவிக்காலம் முழுக்கச் சம்பளமில்லா விடுப்பு, வேலை அவருக்கே. மனு தயார். சக ஆசிரியர்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போடாமல் நழுவிவிட்டார்கள். அக்காவிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. மெமோ வந்தால் என் பெயருக்கு வரட்டும். திங்கட்கிழமை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் வரிசையில் நிற்கப்போகிறேன். அன்றைக்கான விடுப்புக் கடிதமும் கொடுத்தாயிற்று. அதில் நான் 'சொந்த அலுவல்' என்று எழுதவில்லை.